ஏலாதோர்

அந்தச் சொல்லை உருவாக்கச் சென்னையில் ஒரு குழு மூன்று நாள் கூடியது. மருத்துவர்கள் நான்கு பேர், தமிழ்ப் பேராசிரியர்கள் இரண்டு பேர், ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஆங்கிலத்தில் இருந்த சொல் நோயாளிகளைப் புண்படுத்துகிறதாம். அதனால் கனிவான தமிழ்ச் சொல் வேண்டுமாம். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 'ஏற்போர்', 'ஏலாதோர்' என்று முடிவாயிற்று. உடல் மருந்தை ஏற்கும் என்றால் ஏற்போர்; ஏற்காது என்றால் ஏலாதோர். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் 'எனக்கு ஏலாது' என்பது படுக்கையில் விழுந்தவர்கள் சொல்கிற பேச்சு. குழுவில் இருந்த யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் இருந்திருந்தாலும், சாப்பிட்டு முடித்துக் காருக்குக் காத்திருக்கிற நேரத்தில் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

என் பெயர் உலகம்மை. திருநெல்வேலி குடல்நோய் மையத்தின் மருத்துவர். அந்த இரண்டு சொற்களையும் பன்னிரண்டு ஆண்டுகள் நோயாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தவள். ஆகவே குழுவைப் பற்றி நான் சொல்வதில் பாதியை எனக்கும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே பகையாளி என்று நினைத்துத் தாக்குகிற நோய் இது. குடல் உள்ளே புண்ணாகி ரத்தமாகப் போகும், நாளுக்குப் பத்து தடவை, பதினைந்து தடவை. இந்த நோய் வந்தவர்கள் ஊரைத் தெருக்களாக நினைவில் வைத்திருப்பதில்லை, கழிவறைகளாக வைத்திருப்பார்கள்.

ஜெபராணி நாசரேத்துக்காரி. அரசுப் பேருந்து ஓட்டுநர். திருநெல்வேலி - திருச்செந்தூர் தடம். என்னிடம் வரும்போது முப்பத்தாறு வயது, நாற்பத்தொரு கிலோ. அதற்கு முந்தின வாரம் குரும்பூரைத் தாண்டி, ஐம்பது பயணிகளோடு வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சாலையோர வீடு ஒன்றின் கதவைத் தட்டியிருக்கிறாள். உள்ளே ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. பேருந்து ஜன்னல் வழியாக மூன்று பேர் அதைப் படம் பிடித்தார்கள். ஒருவர் பாட்டும் சேர்த்து வெளியிட்டார். அதை அவளே என்னிடம் காட்டினாள். அழவில்லை. இந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று மட்டும் விரல் வைத்துக் காட்டினாள்.

அவளிடம் பரிசோதனையைப் பற்றிச் சொன்னேன்.

"ஒன் ரத்தத்துல பதினெட்டு வகை எதிர்ப்பொருளை எந்திரம் அளந்து பாக்கும். அதை வெச்சு இந்த ஊசி ஒனக்குக் கேக்குமா கேக்காதான்னு ஒரு எண் குடுக்கும். நாப்பதுக்கு மேல வந்தா ஊசி உண்டு."

"கீழ வந்தா?"

"கிடையாது."

"ஊசியே போடாம, அது கேக்காதுன்னு அந்த மெஷினுக்கு எப்படித் தெரியும் டாக்டரம்மா?"

தொள்ளாயிரம் பேரிடம் சோதித்துப் பார்த்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள் என்று விளக்கினேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அந்தத் தொள்ளாயிரம் பேரில், நாற்பதுக்குக் கீழே வந்தவர்களிலும் பத்துக்கு மூன்று பேருக்கு மருந்து கேட்டிருந்தது. இந்த ஊசி யாருக்கு உண்டு என்று தீர்மானிக்கிற சென்னைக் குறியீட்டு வாரியம் அந்த மூன்றைச் சுழியமாக எடுத்துக்கொண்டது. மருந்து தட்டுப்பாடாக இருந்த காலத்தில் வந்த விதி அது. தட்டுப்பாடு தீர்ந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. விதி அப்படியே இருந்தது.

ஜெபராணிக்கு எழுபத்தொன்று வந்தது. ஊசி போட்டோம். இரண்டாவது ஊசியிலேயே ரத்தம் நின்றது. நாலாவது மாதம் ஐம்பத்தைந்து கிலோ. திருச்செந்தூர் வரை நிறுத்தாமல் ஓட்டிப் போய் வந்ததாகச் சொல்லி, ஒரு பொட்டலம் சில்லுக்கருப்பட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜெபராணியைப் பரிசோதித்த அதே வாரம் மேலப்பாளையத்திலிருந்து ரஹ்மத் நிஷா வந்திருந்தாள். இருபத்தாறு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு வந்த எண் இருபத்திரண்டு. தலையை நிமிர்த்தாமல் படிவத்தைப் பார்த்தபடியே, இந்த ஊசி உனக்குக் கேக்காதும்மா என்றேன். கேட்பதற்கு வாய்ப்பு எவ்வளவு, சுழியமா என்று கேட்டாள். கணக்கு டீச்சர் அல்லவா. விதிப்படி கிடையாது என்றேன். அவள் கேட்டது அதுவல்ல என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பழைய மாத்திரைகளையே எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பதினான்கு மாதம் கழித்துக் குடல் ஓட்டையாகி, அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகும் முன்பே இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் எங்கள் ஆய்வகத்து ஆறுமுகநயினார் ஒரு தாளோடு என் அறைக்கு வந்தார். முப்பது வருடம் ரத்தக் குழாய்களோடு வாழ்ந்த மனிதர், பேச்சு குறைவு. புது எந்திரம் வந்திருந்தது. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, குளிர்பெட்டியில் இருந்த பழைய ரத்தங்களை மறுபடி ஓட்டியிருக்கிறார். குழாய்த் தட்டுகள் எல்லாமே பழைய எண்களோடு ஒத்துப்போயின. ஒரே ஒரு தட்டு மட்டும் தலைகீழ். இருபத்துநாலு குழாய்கள் உள்ள அந்தத் தட்டை இரண்டு வருடத்துக்கு முன் யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள். முதல் ஆளின் எண் கடைசி ஆளுக்கும், கடைசி ஆளின் எண் முதல் ஆளுக்கும் போயிருக்கிறது.

"யாரோன்னு சொல்லுதேன். நான்தான் மேடம். அன்னைக்கு நான்தான் டூட்டி" என்றார்.

ஜெபராணியின் ரத்தம் மூன்றாவது இடத்தில் இருந்தது. ரஹ்மத் நிஷாவுடையது இருபத்திரண்டாவது இடத்தில். எழுபத்தொன்று ரஹ்மத்துடையது. ஜெபராணியின் எண் இருபத்திரண்டு.

நானும் நயினாரும் அன்று மதியம் சாப்பிடவில்லை. பெயர்களை எழுதிப் பார்த்தோம். பல ஜோடிகளில் மாற்றத்தால் எதுவும் ஆகவில்லை. இருவரும் நாற்பதுக்கு மேல், அல்லது இருவரும் கீழ். ஆறு ஜோடிகள் மட்டும் இடம் மாறியிருந்தன. ஊசி கிடைத்திருக்க வேண்டிய ஆறு பேருக்குக் கிடைக்கவில்லை. அவர்களில் இரண்டு பேருக்குப் பெருங்குடலை வெட்டி எடுத்து வயிற்றில் பை மாட்டியிருந்தது. இன்னொருத்தி, இறந்துபோன ரஹ்மத். கிடைத்திருக்கக் கூடாத ஆறு பேருக்கு ஊசி கிடைத்திருந்தது. அந்த ஆறு பேரில் நாலு பேர் நன்றாக இருந்தார்கள்.

நயினார் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை நான் தேற்றவில்லை. என் புத்தி வேறொன்றில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் முதன்முறையாக, ஏலாதோர் என்று சொல்லப்பட வேண்டியவர்களுக்கு மருந்து போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்களில் நாலு பேர் ஏற்றிருக்கிறார்கள். இதைக் காட்டினால் விதி மாறிவிடும் என்று நினைத்தேன். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி நினைத்தேன்.

சென்னையில் குறியீட்டு வாரியத்தின் தலைவர் டாக்டர் இளம்பரிதி. மிக மரியாதையான மனிதர். வாசல் வரை வந்து அழைத்துப் போனார், டீ கொடுத்தார், தாள்களைப் பொறுமையாகப் படித்தார். அவர் அறைச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. அந்த எண் வருவதற்கு முன் மருந்து நூற்றுக்கு அறுபது பேருக்குக் கேட்டது. வந்த பிறகு எண்பத்தொரு பேருக்குக் கேட்கிறது என்று அது சொன்னது. மருந்து கேட்க வாய்ப்புக் குறைந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் உள்ளே இருப்பவர்களின் சதவீதம் ஏறத்தான் செய்யும். இது ரஹ்மத்தின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியும். அந்தப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள்.

"ஆறு பேர் ஓர் ஆய்வு ஆகாது டாக்டர்" என்றார்.

"அப்ப ஆய்வே பண்ணுவோம் சார். நாப்பதுக்குக் கீழ வர்ற நூறு பேருக்குக் குடுத்துப் பாப்போம்."

"கேக்காதுன்னு தெரிஞ்சவங்களுக்கு மருந்து குடுக்கிறது அறமில்லை."

"கேக்காதுன்னு எப்படித் தெரியும்? பன்னெண்டு வருஷமா அவங்கள்ல ஒருத்தருக்குக்கூட நாம தெரிஞ்சு குடுக்கலியே."

"அதனாலதான் பன்னெண்டு வருஷமா ஏலாதோர்னு அந்த எண் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பாகலை" என்றார் இளம்பரிதி. கேலியாகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னார்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. தலைப்பு: 'பிழை திருத்தம்'. தவறுதலாக ஏற்போர் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஆறு பேரும் ஏலாதோராக மாற்றப்படுகிறார்கள். அவர்களுக்கான ஊசி உடனே நிறுத்தப்படுகிறது. தவறுதலாக விடுபட்ட ஆறு பேரும் ஏற்போராக அறிவிக்கப்படுகிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் அனுப்பப்பட்டுள்ளது. குடலே இல்லாத இரண்டு பேருக்கும் குடலுக்கான மருந்து வழங்க அனுமதி வந்தது. மேலப்பாளையத்துக்கும் ஒரு கடிதம் போயிருந்தது. ரஹ்மத் நிஷா ஏற்போர் பட்டியலில் சேர்க்கப்பட்டதை வாரியம் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொண்டிருந்தது.

ஜெபராணியை வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி நிற்கப்போவதை முதலில் சொன்னேன். அதை அவள் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

"அப்ப நான் ஓட்டுனது அந்தப் புள்ளைக்குச் சேர வேண்டிய ஊசியிலயா?" என்றாள்.

அது உன் குற்றமில்லை என்றேன். இந்த மாதிரிச் சந்தர்ப்பங்களில் மருத்துவர்கள் சொல்கிற வாக்கியம் அது. சொல்பவரைத் தவிர யாருக்கும் அதனால் பயனில்லை. அவள் மேலப்பாளையத்து முகவரியைக் கேட்டாள். கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். நானும் கூடப் போனேன், தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

ரஹ்மத்தின் தாய் கதீஜா பீவி கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே வரச் சொன்னார். வாரியத்தின் கடிதம் ஜன்னல் கம்பியில் செருகியிருந்தது. தட்டு திரும்பியதையும் எண் மாறியதையும் நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். பிறகு என்னைப் பார்க்கவில்லை. ஜெபராணியைத்தான் பார்த்தார்.

"நீ இப்ப பஸ்ஸு ஓட்டுதியா?"

"ஓட்டுதேம்மா."

"வயித்துல வலி இல்லியே?"

"இல்லம்மா."

"ஓட்டு" என்றார் கதீஜா பீவி. எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். அவர் திரும்பி வரவில்லை. நாங்களே கதவைச் சாத்திவிட்டு வந்தோம்.

நான் மேல்முறையீடு செய்தேன். நன்றாக இருக்கும் நாலு பேரின் ரத்தத்தைப் புதிதாகச் சோதிக்க வாரியம் ஒத்துக்கொண்டது. ஜெபராணியின் எண் இப்போது அறுபத்துநாலு. மற்ற மூவருக்கும் நாற்பதுக்கு மேல். குடல் ஆறினால் எதிர்ப்பொருள்களும் மாறுகின்றன என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அந்த எண் தலையெழுத்தல்ல. காய்ச்சல் போல ஏறி இறங்குகிற ஒன்று. இதையும் எழுதி அனுப்பினேன். பதில் ஒன்றரைப் பக்கம். சுருக்கம் இதுதான்: சிகிச்சை தொடங்கும்போது மனுதாரர் ஏலாதோர், எனவே அப்போது தகுதியில்லை. இப்போது அவர் ஏற்போர், ஆனால் நோய் அடங்கியிருப்பதால் இப்போது மருந்து தேவையில்லை. நோய் திரும்பினால் மீண்டும் பரிசோதித்துக்கொள்ளலாம்.

நோய் திரும்பியது. ஊசி நின்ற ஐந்தாவது மாதம் ஜெபராணி என் அறைக்கு வந்து உட்காராமல் நின்றாள். எடை மறுபடி இறங்கி நாற்பத்துநாலு கிலோ. மறுபடி பரிசோதித்தோம். பத்தொன்பது.

எந்திரம் தரும் எண்ணை மையத்தின் மருத்துவர் சான்றிதழில் எழுதிக் கையெழுத்திட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. எந்திரத்தை வாரியத்தோடு நேராக இணைக்கும் திட்டம் ஆறு வருடமாக டெண்டரில் கிடந்தது. நான் பேனாவை எடுத்து ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். நயினார் பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரையை அவரே எடுத்துக் குத்தினார்.

அடுத்த வாரம் கூலித் தொழிலாளி ஒருவர், எண் முப்பத்தொன்று. ஐம்பத்திரண்டு என்று எழுதினேன். அதற்கடுத்து ஒரு கல்லூரி மாணவி. எல்லாரையும் இப்படி ஏற்றிவிட்டால் மாட்டிக்கொள்வோம், நாலைந்து பேரையாவது கீழே விட்டு வைப்போம் என்று நயினார் சொன்னார். புத்திசாலித்தனமான யோசனை. யாரை விடுவது என்று எழுத உட்கார்ந்தேன். பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு பெயரையும் எழுத முடியவில்லை. பன்னிரண்டு வருடம் தலை நிமிராமல் செய்த வேலையை நிமிர்ந்து பார்த்துச் செய்யச் சொன்னால் கை வரவில்லை.

எல்லாருக்கும் மருந்து கேட்டது என்று சொன்னால் நான் பொய்க்காரி. கேட்காதவர்களே அதிகம். சங்கரபாண்டி என்பவருக்கு இந்த ஊசியால் உள்ளே அடங்கியிருந்த காசநோய் கிளம்பிவிட்டது. ஒன்பது மாதம் வைத்தியம் பார்த்துத்தான் மீட்டோம். வாரியம் பயப்பட்டதில் அர்த்தமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊசி போடும் முன் ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: பத்தில் ஆறேழு பேருக்குக் கேட்காது, கெடுதலும் வரலாம், வேண்டுமா என்று. ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையான எண், நான் எழுதிய எண், பிறகு என்ன ஆனது, மூன்றையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டு வருடத்தில் நூற்று நாற்பத்து மூன்று பேர். ஐம்பத்தொரு பேருக்குக் கேட்டிருந்தது. ஜெபராணி மறுபடி திருச்செந்தூர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வாரியத்திலிருந்து தகவல் வந்தது: தலைவரும் நான்கு ஆய்வாளர்களும் நேரில் வருகிறார்கள். ராஜினாமா கடிதத்தை எழுதி வைத்தேன். நயினார் சவரம் செய்துகொண்டு புதுச் சட்டை போட்டு வந்திருந்தார், ஜெயிலுக்குப் போகிறவர் மாதிரி.

இளம்பரிதி பூங்கொத்தோடு இறங்கினார்.

"இரண்டு வருஷமா உங்க மாவட்டத்துல ஒரு ஏலாதோர்கூட இல்லை டாக்டர். இந்தியாவிலேயே இப்படி இல்லை" என்றார். எங்கள் ஜனங்களின் ரத்தத்தில் என்ன விசேஷம் என்று கண்டுபிடிக்கத்தான் குழு வந்திருந்தது. உணவுப் பழக்கமா, மண்ணா, பரம்பரையா என்று கேட்பதற்கு இருபது பக்கக் கேள்வித்தாள் கொண்டுவந்திருந்தார்கள். நான் பொய் எழுதியிருக்கலாம் என்ற எண்ணம் அந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் வரவில்லை. எண்ணைச் சந்தேகிக்கத் தெரியாதவர்களுக்கு எண்ணை எழுதிய கையையும் சந்தேகிக்கத் தெரியவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மற்ற மாவட்டங்களில் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் தலையை நிமிர்த்தாமல் ஏலாதோர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கோப்பை இளம்பரிதி முன்னால் வைத்தேன்.

அவர் படித்தார். முதல் பக்கத்திலேயே புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கடைசிப் பக்கம் வரை படித்தார். மேலே மின்விசிறி ஓடியும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வாரியத்தை அமைத்தவர் அவர். அந்த விதியில் முதல் கையெழுத்து அவருடையது. நூற்று நாற்பத்து மூன்றில் ஐம்பத்தொன்று என்றால் இத்தனை வருடத்தில், எல்லா மாவட்டத்திலும், எத்தனை பேர் என்று கணக்குப் போட அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோப்பை மூடி என் பக்கமாகத் தள்ளினார்.

"நான் இதைப் பாக்கலை" என்றார்.

"பாத்தீங்க சார்."

"பாத்தா உங்களைக் கைது செய்யணும். அப்புறம் ஏன் கைது செஞ்சோம்னு எல்லாருக்கும் சொல்லணும்." ஜன்னல் பக்கம் திரும்பினார். "இங்க குடிக்கிறது தாமிரபரணித் தண்ணிதானே?"

"ஆமா."

"காரணம் தண்ணின்னு எழுதிக்கறேன்" என்றார்.

அன்று மாலை நான்கு ஆய்வாளர்களும் முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி, இருபது புட்டிகளில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அந்த மனிதரை அன்று முழு மனதோடு வெறுத்தேன். ராஜினாமா கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நானும் நயினாரும் கோப்பை முப்பத்தேழு பிரதி எடுத்தோம். மற்ற மாவட்டங்களின் குடல்நோய் மருத்துவர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். கூடவே ஒரு வரி: படித்துவிட்டு உங்களுக்குச் சரி என்று பட்டதைச் செய்யுங்கள். கீழே என் கையெழுத்து, நயினாரின் கையெழுத்து. யாரும் பதில் எழுதவில்லை. ஒருவர் மட்டும் போனில் கூப்பிட்டு, இதையெல்லாம் எனக்கு அனுப்பாதீர்கள் மேடம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த ஆண்டு வாரியத்தின் அறிக்கை வந்தது. மேலும் பதினாறு மாவட்டங்களில் தண்ணீர் மிக நன்றாக இருப்பதாக அதில் எழுதியிருந்தது.